புதிய கறுப்புக் கார்: வாக்ஸ் போடுவதா, பாலிஷ் போடுவதா, மூன்று மாதம் காத்திருப்பதா?

புதுச்சாவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வாழ்நாளில் முதன்முறையாகப் புத்தம் புதிய கார் ஒன்றை வாங்கிப் பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. நிறம் கறுப்பு, வெயில் பட்டால் உள்ளே பொடி மின்னுகிற மெட்டாலிக் வகை. இதற்கு முன் நான் ஓட்டியவை அனைத்தும் இன்னொருவர் ஓட்டிக் கழித்த வண்டிகள் என்பதால், ஒரு கீறல் கூடினாலும் கண்டுகொண்டதில்லை. இப்போதோ ஒரு பறவை எச்சமிட்டால்கூட ஓடிப்போய்த் துடைக்கிறேன்.

என் குழப்பம் இதுதான். வண்டியை ஒப்படைக்கும்போதே விற்பனை நிலையத்தில் டெஃப்லான் கோட்டிங் போட்டுக்கொள்ளும்படி வற்புறுத்தினார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். புதுப் பெயின்ட் முழுவதும் காய மூன்று மாதம் ஆகும், அதுவரை எதையும் தடவக் கூடாது, அதன் பின் மாதம் ஒருமுறை பாலிஷ் போட்டு நன்றாகத் தேய்க்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. அவர் தம்முடைய பழைய வண்டியை அப்படித்தான் இருபது ஆண்டுகள் முகம் பார்க்கும் அளவுக்கு வைத்திருந்தார் என்பதால் அவர் சொல்லை எளிதாகத் தள்ளவும் முடியவில்லை. உடன் பணிபுரியும் நண்பரோ, இக்காலப் பெயின்ட்டுக்குத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தேவையில்லை என்கிறார். கடைக்குப் போனால் பாலிஷ், வாக்ஸ், க்ளீனர் வாக்ஸ், சீலன்ட், ரப்பிங் காம்பவுண்ட் என்று ஒரே அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எந்தப் புட்டியை எடுத்தாலும் பளபளக்கும் கார் ஒன்றின் படம்தான் இருக்கிறதே தவிர, எது எதற்கு என்று புரிகிற மாதிரி ஒரு வரி இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நேற்று மாலை சாய்ந்த வெயிலில் பார்த்தபோது பானெட்டின் மேல் சிலந்தி வலை போல மெல்லிய வட்டக் கோடுகள் தெரிந்தன. நான் இதுவரை இரண்டே முறைதான் கழுவியிருக்கிறேன். புதிய வண்டியில் இவை எப்படி வந்தன? வாக்ஸ் போட்டால் மறையுமா, அல்லது பாலிஷ்தான் போட வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பட்டறைத்தூரிகை எழுதியது:

வணக்கம் தம்பி. விபத்தில் அடிபட்ட வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பதுதான் என் தொழில் என்பதால், அப்பாவின் மூன்று மாதக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கணக்கு எங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் அடிக்கும் பெயின்ட்டுக்குப் பொருந்தும். தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டிக்குப் பொருந்தாது. தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும்போது காரில் இருக்கை, டயர், ஒயர் எதுவும் இருக்காது. வெறும் இரும்புக் கூடு மட்டுமே இருப்பதால் அதை அப்படியே சூளைக்குள் அனுப்பி, சுமார் 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அரை மணி நேரம் வரை சுட்டெடுக்க முடிகிறது. அந்தச் சூட்டில் பெயின்ட்டின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகிவிடுகின்றன. வண்டி உங்கள் கைக்கு வரும் முன்பே அந்த வேலை முடிந்துபோன ஒன்று. பட்டறைக்கு வரும் வண்டியோ முழு வண்டி. அதை 140 டிகிரியில் வைத்தால் பிளாஸ்டிக்கும் ரப்பரும் கெட்டுப் போகும் என்பதால் நாங்கள் 60 டிகிரியை ஒட்டித்தான் நிறுத்திக்கொள்வோம். பல இடங்களில் வெறுங்காற்றில் உலர்த்துவதும் உண்டு. அதனால் பெயின்ட்டில் கலந்த கரைப்பான் முழுவதும் ஆவியாக வாரக் கணக்கில் ஆகிறது. அதற்குள் மேலே வாக்ஸ் பூசி அடைத்துவிட்டால் ஆவி வெளியேறத் தடையாகும் என்றுதான் முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று பெயின்ட் நிறுவனங்கள் காத்திருக்கச் சொல்கின்றன. ஆகவே உங்கள் வண்டிக்கு இன்றே வாக்ஸ் போடலாம், ஒரே ஒரு விலக்கோடு. வரும் வழியில் உரசல் பட்டு, விற்பதற்கு முன் ஏதேனும் ஒரு கதவையோ பம்பரையோ மறுபடி பெயின்ட் அடித்திருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் பட்டறைக் கணக்கு பொருந்தும். பக்கத்துப் பகுதியோடு ஒப்பிட்டு, ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளம் வேறுபடுகிறதா, ரப்பர் ஓரங்களில் பெயின்ட் துளி ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது அப்பாவின் மாதாந்தரப் பாலிஷ். அவர் காலத்து வண்டிகளில் நிறமே மேல் அடுக்கு. வெயிலில் அது வெளுத்துச் சுண்ணாம்பு போல் மாவு பூக்கும். பாலிஷ் போட்டால் செத்த தோல் உரிந்து கீழிருக்கும் நல்ல நிறம் வெளிவரும். துணியில் வண்டியின் நிறம் ஒட்டிக்கொள்வதை அவரிடம் கேட்டுப் பாருங்கள், நிச்சயம் நினைவிருக்கும். 1980களில் தொடங்கி, நிறத்தின் மேல் நிறமற்ற இன்னொரு அடுக்கைப் பூசும் முறை பரவி இப்போது ஏறக்குறைய எல்லா வண்டிகளிலும் அதுவே இருக்கிறது. அதற்குக் கிளியர் கோட் என்று பெயர். நீங்கள் தொட்டு உணரும் பளபளப்பு அனைத்தும் அந்த அடுக்கினுடையது. கறுப்பு அதற்கும் கீழே இருக்கிறது. கிளியர் கோட்டின் கனம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், நாம் எதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது விளங்கும். பாலிஷ் என்பது நுண்ணிய உராய்பொடி கலந்த பொருள். அது கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள மேட்டை அந்தக் கீறலின் ஆழம் வரை சீவிச் சமப்படுத்துகிறது. வண்டியின் ஆயுளில் இரண்டு மூன்று முறை தேவை கருதிச் செய்யலாம். மாதம் ஒருமுறை என்றால் சில ஆண்டுகளில் மேலடுக்கு மெலிந்து, வெயிலுக்குத் தாக்குப்பிடிக்காமல் செதில் செதிலாக உரியத் தொடங்கும். அந்த நிலையில் என்னிடம் வரும் வண்டிகளுக்கு மறு பெயின்ட்டைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

வாக்ஸ் இதற்கு நேர் எதிர். எதையும் எடுப்பதில்லை, மேலே ஒரு படலத்தைச் சேர்க்கிறது. நம் பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் பாலிஷ் என்றே சொல்லிவிடுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. செருப்புக்குப் போடும் பாலிஷ் உண்மையில் மெழுகு. பித்தளைக்குப் போடும் பாலிஷ் உண்மையில் தேய்ப்பு. காருக்கு இரண்டுமே விற்கிறார்கள். புட்டியில் கீறல் நீக்கும், மங்கலை அகற்றும், க்ளீனர் என்ற வகைச் சொற்கள் இருந்தால் அதில் உராய்பொடியோ வலுவான கரைப்பானோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, புதிய வண்டிக்கு வேண்டாம் என்று அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். க்ளீனர் வாக்ஸும் அந்தக் கணக்கில்தான் சேரும்.


இருவாளி எழுதியது:

பட்டறைத்தூரிகை அவர்கள் தொடாமல் விட்ட சிலந்தி வலைக்கு நான் வருகிறேன். அவை வட்டக் கோடுகளே அல்ல. எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக விழுந்த நேர்க் கீறல்கள்தான். அவற்றுள் ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே ஒளியைக் கண்ணுக்குத் திருப்பிவிடுவதால், விளக்கையோ சூரியனையோ சுற்றி வளையம் போட்டது போலத் தெரிகின்றன. விளக்கை நகர்த்திப் பாருங்கள், வலையும் கூடவே நகரும்.

இரண்டே முறைதான் கழுவினேன் என்கிறீர்கள். உங்களுக்கு முன் அது எத்தனை கைகளில் கழுவப்பட்டது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. லாரியில் வந்த தூசி, நிறுத்துமிடத்தில் படிந்த தூசி, ஒப்படைக்கும் நாளில் அவசரத் துடைப்பு என்று ஒரு புதிய வண்டி வாங்குபவரைச் சேர்வதற்குள் பல துணிகளைப் பார்த்துவிடுகிறது. நான் அடுத்த வண்டி வாங்கும்போது, கழுவாமல் தூசியோடே கொடுங்கள் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். கேட்பவர்கள் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

கேட்ட கேள்விக்கு இது நேரடி விடையாகாது என்று தெரியும், ஆயினும் எந்த வாக்ஸ் என்று அலசுவதற்கு முன் எப்படிக் கழுவுகிறீர்கள் என்பதை முதலில் சரிசெய்து கொள்ளுங்கள். பெயின்ட்டில் விழும் கீறல்களில் பெரும்பகுதி சாலையில் விழுவதில்லை, நம் கையால்தான் விழுகிறது. உலர்ந்த தூசியின் மேல் உலர்ந்த துணியை ஒருபோதும் ஓட்டக் கூடாது. இறகுத் துடைப்பமும் அதே பாவத்தைத்தான் செய்கிறது. முதலில் வெறுந்தண்ணீரைப் பாய்ச்சி மணலை இறக்கிவிட வேண்டும். பிறகு இரண்டு வாளிகள்: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், இன்னொன்றில் வெறும் நீர். ஒரு பகுதியைத் தேய்த்ததும் தேய்க்கும் கையுறையை வெறும் நீரில் அலசி மணலை உதறிவிட்டு, அதன் பிறகே ஷாம்புவில் மறுபடி முக்க வேண்டும். கூரையிலிருந்து கீழ்நோக்கி வர வேண்டும். சக்கரத்துக்கும் கதவின் அடிப்பகுதிக்கும் தனித் துணி. பாத்திரம் துலக்கும் சோப்பு நீரைப் பயன்படுத்தினால் எண்ணெய்ப் பசையை வெட்டுகிற அந்த வீரியம் நீங்கள் போட்ட வாக்ஸையும் சேர்த்துக் கழுவிவிடும். கடைசியில் குளியல் துண்டால் துவட்டாமல், தடித்த மைக்ரோஃபைபர் துணியை விரித்து ஒற்றி எடுங்கள்.

கறுப்பு வண்டிக்காரர் என்பதால் இவ்வளவும் சொன்னேன். வெள்ளை வண்டியிலும் இதே கீறல்கள் இருக்கும். ஆனால் அங்கே நாமும் பார்ப்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் பார்ப்பதில்லை.


மழைமுத்து எழுதியது:

மேலே இருவரும் அடித்தளத்தைப் போட்டுவிட்டதால் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூன்று வகைகளையும் நானே போட்டுப் பார்த்தவன்.

வாக்ஸ் என்றதும் பெயர் பெற்றது கார்னோபா. பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனை, வறண்ட பருவத்தில் தன் ஓலையிலிருந்து நீர் ஆவியாகிவிடாமல் இருக்க அதன் மேல் பூசிக்கொள்ளும் மெழுகு அது. இயற்கை மெழுகுகளில் அதுவே மிகக் கடினமானது. 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் வரை உருகாமல் நிற்கும். தனியாக எடுத்தால் ஓடு போல் உடைகிற பொருள் என்பதால் டப்பாவில் வருவது எண்ணெய்களும் கரைப்பானும் மற்ற மெழுகுகளும் கலந்த குழைவுதான். நூறு விழுக்காடு தூய கார்னோபா என்ற வாசகத்தைக் கண்டால், உள்ளே இருக்கும் மெழுகில் கார்னோபாவின் தரம் பற்றிய பேச்சே தவிர டப்பா முழுவதும் அதுவே என்று பொருளல்ல. கறுப்பு, அடர்சிவப்பு போன்ற நிறங்களுக்கு இது தரும் ஆழமும் ஈரமான தோற்றமும் எனக்கு இன்றளவும் பிடித்தமானவை. ஆனால் வெயிலிலும் மழையிலும் நிற்கும் வண்டியில் ஒன்றிரண்டு மாதங்களுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

சீலன்ட் என்பது செயற்கைப் பாலிமர்களால் ஆன அதே வேலைக்காரன். மூன்று முதல் ஆறு மாதம் வரை தாங்கும், தடவுவதும் துடைப்பதும் எளிது, தவறு செய்தாலும் திருத்திக்கொள்ளலாம். தோற்றத்தில் கார்னோபாவின் கனிவு இல்லை, கண்ணாடி போன்ற கூர்மை இருக்கிறது என்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பூசி நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டியபோது ஒருவரும் சரியாக அடையாளம் சொல்லவில்லை என்பதால் அந்த வேறுபாட்டை நான் பெரிதுபடுத்துவதில்லை.

செராமிக் கோட்டிங் இவற்றினும் வேறானது. சிலிக்கா சார்ந்த திரவம் பெயின்ட்டோடு வேதியியல் முறையில் பிணைந்து இறுகுவதால் ஓராண்டு முதல் சில ஆண்டுகள் வரை நிற்கிறது. இதில் இரண்டு சிக்கல்களை விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. முதலாவது, அடியில் கீறல் இருந்தால் அதையும் சேர்த்து மூடிப் பூட்டிவிடும் என்பதால் அதற்கு முன் பாலிஷ் செய்து திருத்தியாக வேண்டும். இரண்டாவது, துடைக்காமல் விட்ட இடத்தில் திட்டாக இறுகிவிட்டால் மறுபடி உராய்ந்துதான் எடுக்க முடியும். வாக்ஸ் போல் மன்னிக்காது. 9 எச் கடினம் என்ற விளம்பரத்தையும் அளவோடு நம்புங்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவுகோல். வைரத்துக்கு 10 என்று வைத்திருக்கும் கனிமக் கடின அளவுகோல் வேறு. ஓரிரு மைக்ரான் படலம் எதுவும் கல் தெறிப்பதைத் தடுக்காது. அதற்கென்று 150 முதல் 200 மைக்ரான் கனத்தில் ஒட்டப்படும் பாலியூரித்தேன் ஃபிலிம் தனியாக இருக்கிறது.

உங்களுக்கு விற்க முயன்ற டெஃப்லான் பற்றி ஒரு சொல். சமையல் சட்டியில் ஒட்டாமல் இருக்கும் அந்தப் பொருளின் உருகுநிலை 327 டிகிரி செல்சியஸ். சட்டியின் மேல் அதைப் படியவைக்க அதற்கும் மேலான சூட்டில் சுடுகிறார்கள். காரின் பெயின்ட்டை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோக வழியே இல்லை. ஆகவே அந்தப் பெயரில் பூசப்படுவதில் நின்று பாதுகாப்பது புட்டியில் கலந்துள்ள மற்ற பாலிமர்களும் மெழுகுமே. கெடுதல் இல்லை, ஆனால் உங்கள் கையால் போடும் நல்ல சீலன்ட்டை விட அதிகமாக எதையும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் புதிய வண்டி, முதல் முயற்சி என்றால் என் வாக்கு சீலன்ட்டுக்கே. உங்கள் நண்பர் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: எதுவும் போடாவிட்டால் வண்டி அழிந்துவிடாது. ஆனால் பறவை எச்சத்தின் அமிலமும் மரப்பாலும் நேராகக் கிளியர் கோட்டில் இறங்காமல் முதலில் இந்தப் படலத்தைத் தின்ன வேண்டியிருக்கும், அந்த இடைவெளியில் நாம் கழுவிவிடலாம் என்பதே இதன் பயன். அடுத்த முறை எச்சத்தைக் கண்டால் ஓடிப்போய்த் துடைக்காதீர்கள்; ஈரத் துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவிட்டு அள்ளி எடுங்கள். எச்சத்தில் மணல் துகள்கள் இருக்கும்.


புதுச்சாவி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவிடம் பட்டறைத்தூரிகை அவர்களின் பதிலைப் படித்துக் காட்டினேன். துணியில் நிறம் ஒட்டியது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார், மற்றதைப் பற்றி இன்னும் கருத்துச் சொல்லவில்லை. சீலன்ட் ஒன்றை வாங்கிவிட்டேன். புட்டியின் பின்புறம் இருப்பது நான்கே வரிகள். பெயின்ட்டில் ஒட்டிய துகள்களைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான க்ளே பாரைப் புதிய வண்டிக்கும் தேய்க்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்களே, அது தேவையா? தடவும் முறையைப் படிப்படியாக யாராவது சொன்னால் விடுமுறை நாளில் தொடங்கிவிடுவேன். கீறல்களை இப்போதைக்கு விட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.


பட்டறைத்தூரிகை எழுதியது:

நல்ல முடிவு. கீறல்கள் அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும். சீவிய கிளியர் கோட்தான் திரும்பி வராது.

க்ளே பாருக்கு ஒரு சோதனை உண்டு. வண்டியைக் கழுவி உலர்த்திய பின், கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்து, விரல் நுனியால் பானெட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பையின் வழியாகத் தெளிவாகத் தெரியும். வழவழவென்று இருந்தால் க்ளே வேண்டாம். புதிய வண்டியில்கூடச் சொரசொரப்பு இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இரும்புத் துகள்தான்; ரயிலிலும் லாரியிலும் வரும்போது தண்டவாளத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் பறக்கும் பொடி பெயின்ட்டில் குத்திக்கொண்டு நிற்கும். வெளிர்நிற வண்டியில் அது செம்புள்ளியாகத் துரு பிடித்துக் காட்டிக்கொடுக்கும், உங்கள் கறுப்பில் மறைந்திருக்கும். முதலில் இரும்பு கரைக்கும் திரவத்தைத் தெளித்து, அது ஊதா நிறமாக மாறி வழிவதைப் பார்த்துவிட்டுக் கழுவுங்கள். பலமுறை அதுவே போதுமானதாகிவிடும். மிச்சமிருந்தால் மட்டும், மென்மையான வகைக் க்ளேயை நிறைய வழுக்கல் நீரோடு, அழுத்தாமல், நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். கீழே விழுந்த க்ளேயை எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தலாம் என்ற சிக்கனம் மட்டும் கூடவே கூடாது.

இனிச் சீலன்ட். நிழலான இடம் வேண்டும். நிழலில் இருந்தால் மட்டும் போதாது, புறங்கையை வைத்தால் தகடு குளிர்ந்திருக்க வேண்டும். சூடான தகட்டில் கரைப்பான் நொடியில் பறந்து, மருந்து திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பம்பரின் கறுப்புப் பிளாஸ்டிக், ஜன்னல் ஓர ரப்பர் ஆகிய பெயின்ட் இல்லாத இடங்களை மறைப்பு நாடா ஒட்டி மூடிவிடுங்கள். ஏற்கெனவே யாராவது ஏதாவது பூசியிருக்கக்கூடும் என்பதால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையும் நீரையும் கலந்து ஒரு துணியில் நனைத்து ஒருமுறை துடைத்தால் எண்ணெய்ப் பசை போய் சீலன்ட் நன்றாகப் பிடிக்கும்.

பூசுவதற்கான பஞ்சு அட்டையில் சீலன்ட்டைப் பட்டாணி அளவு எடுத்தால் அரை பானெட்டுக்குத் தாராளம். புதியவர்கள் எல்லோரும் செய்கிற பிழை, கனமாகப் பூசினால் அதிகம் காக்கும் என்று எண்ணுவது. பெயின்ட்டில் ஒட்டி நிற்பது மிக மெல்லிய படலம் மட்டுமே. மற்றதெல்லாம் துணியோடு வந்துவிடும், வருவதற்குள் உங்கள் தோளைப் பதம் பார்த்துவிடும். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மங்கலான ஈரம் போல் பரப்ப வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் புட்டியில் சொன்ன நேரம் காத்திருந்து, விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இழுத்த இடம் தெளிவாகி, ஓரம் வழியாமல் நின்றால் துடைக்கும் பதம். வழிந்தால் இன்னும் காய வேண்டும். துடைக்க இரண்டு மைக்ரோஃபைபர் துணிகள்: முதலாவது எடுப்பதற்கு, இரண்டாவது மெருகேற்றுவதற்கு. துணியின் ஓரத்தில் தைத்திருக்கும் நிறுவனப் பெயர்ச் சீட்டை மறக்காமல் வெட்டி எறியுங்கள், அதுவும் கீறும். இரண்டாவது பூச்சு விருப்பமானால் மறுநாள் போடுங்கள். முதல்முறை விடுபட்ட இடங்களை அது நிரப்பும் என்பதே அதன் பலன். முன் கண்ணாடியில் மட்டும் தடவிவிடாதீர்கள். மழையில் வைப்பர் ஓடும்போது பால் போல் மங்கும்.


புதுச்சாவி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். பிளாஸ்டிக் பைச் சோதனையில் கதவுகளின் கீழ்ப்பகுதியும் பின்புறமும் நன்றாகவே சொரசொரத்தன. இரும்புத் திரவத்தைத் தெளித்ததும் ஊதாவாக வழிந்ததைப் பார்த்து அப்பா வாயடைத்துப் போனார். க்ளே தேவைப்படவில்லை. காலை ஏழு மணிக்குத் தொடங்கிய வேலை கூரை, கதவுகள், டிக்கி வரை அழகாக முடிந்தது. பானெட்டுக்கு வருவதற்குள் நிழல் நகர்ந்துவிட்டது என்பதை நான் கவனிக்கவில்லை. அங்கே மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் போகாத பூசினாற்போன்ற கோடுகள் நின்றுவிட்டன. நாடா ஒட்டச் சோம்பல்பட்ட முன் பம்பரின் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளைத் திட்டுகளும் இருக்கின்றன. மற்ற இடங்களில் வண்டி நீரில் மூழ்கி எழுந்தது போல இருக்கிறது. பானெட்டைப் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டுமா? மறு பூச்சு எப்போது என்று எப்படிக் கண்டுகொள்வது?


மழைமுத்து எழுதியது:

பாலிஷ் பக்கமே போக வேண்டாம். பானெட் நன்றாகக் குளிர்ந்த பிறகு, அதே சீலன்ட்டை இறுகிய கோடுகளின் மேல் மெல்லியதாக மறுபடி தடவி, காயவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள். புதிய மருந்தில் உள்ள கரைப்பான் பழைய மிச்சத்தை இளக்கிவிடும். அதற்கும் அசையாத இடம் இருந்தால் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்து வெறுமையாக்கிவிட்டு, அந்த ஒரு பகுதிக்கு மட்டும் புதிதாகப் பூசுங்கள். பிளாஸ்டிக் திட்டுகளுக்கும் அதே ஆல்கஹால் நீர்தான். சொரசொரப்பான பரப்பின் பள்ளங்களில் காய்ந்து உட்கார்ந்திருக்கும் என்பதால் மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, வெளியே வந்ததை உடனுக்குடன் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே முறையில் போகாவிட்டால் இரண்டாம் முறை போகும்.

மறு பூச்சுக்கு நாட்காட்டியைப் பார்ப்பதைவிடத் தண்ணீரைப் பார்ப்பது நல்லது. இப்போது நீர் தெளித்தால் முத்து முத்தாகத் திரண்டு உருண்டோடும். சில மாதங்களில் முத்துகள் தட்டையாகிப் பரவத் தொடங்கும். ஆனால் தூசியும் புகைப் பசையும் படிந்திருந்தாலும் அதேபோல் பரவும் என்பதால், முதலில் ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அதன் பிறகு பாருங்கள். கழுவிய பின்னும் நீர் திரளாமல் தாள் போல் விரிந்து நின்றால் சீலன்ட் போய்விட்டது என்று பொருள். பானெட்டும் கூரையும் வெயிலை நேராக வாங்குவதால் கதவுகளுக்கு முன்பே அவை அந்த நிலைக்கு வரும். அப்போது அந்த இரண்டுக்கு மட்டும் போட்டால் போதும், முழு வண்டிக்கும் தேவையில்லை. அந்த முத்துகளை வெயிலில் தானாகக் காயவிடும் பழக்கம் மட்டும் வேண்டாம். உப்பு நீராக இருந்தால் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுவிட்டுப் போகும், கறுப்பு வண்டியில் அது தூரத்திலிருந்தே தெரியும்.